தாத்தா பேருங்க, மிஸ்

ஒண்ணாம் வகுப்புக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ், டை, பெல்ட், தண்ணி பாட்டில், கைத்துண்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கலர் பென்சில், நாலு கோடு நோட்டு, ரெண்டு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு. டிபன் பாக்ஸ் மட்டும் 'பிள்ளையே திறந்து மூடக்கூடியதாக' இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கையைத் தலைக்கு மேலே போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அன்றைக்கு ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியது.

இந்தப் பையனுக்கு அப்படி இல்லை. சேர்க்கப் போன அன்று ஒண்ணாம் வகுப்பு மிஸ் எங்களை உட்கார வைத்து விவரமாகச் சொன்னாள். சின்னப் பெண்தான், ஆனால் கறாரானவள். "ஷூவ அவனே மாட்டணுங்க. லேஸ் கட்டத் தெரியணும். சட்டப் பட்டன், டவுசர் ஊக்கு எல்லாம் அவனே போடணும். டிபன அவனே எடுத்துச் சாப்பிடணும், ஊட்டி உட்டுப் பழக்காதீங்க. பென்சில அவனே சீவணும். ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சுக் கேட்கணும். அப்பா பேரு, ஊரு, போன் நம்பரு எல்லாம் கேட்டாச் சொல்லணும்."

எல்லாவற்றுக்கும் நானும் மருமகளும் தலையை ஆட்டினோம். பிள்ளையின் சொந்தப் பேரைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அதையெல்லாம் ஒருத்தர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

யார் பிள்ளை, என்ன முறை என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரின் தம்பியும் அவர் மனைவியும் அல்பாயுசில் போய்விட்டதால், அவர்கள் மகனை நாங்கள்தான் வளர்த்தோம். நான் அவனுக்குப் பெரியம்மா. வளர்ந்ததும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குப் போனான். வண்டி ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று போர்வெல் போடக் கிளம்பிவிட்டால் ஊர் திரும்ப மாதக்கணக்கு ஆகும். அங்கே மழை பிடித்தால்தான் வீட்டுக்கு வருவான். அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் முழுகாமல் இருந்தபோது என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்விட்டார். வெள்ளாமைக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான்.

பிறந்தது பையன். என்ன பேர் வைப்பது என்று அவன் அப்பன் என்னைக் கேட்கவே இல்லை. பேர் வைக்கிற அன்று பிள்ளையின் காதில் குனிந்து தன் பெரியப்பாவின் பேரைச் சொன்னான். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டான். "பெரியப்பா உங்ககிட்டயே வந்துட்டாருங்க பெரியம்மா" என்றான். நான் அழுதேன். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஒருத்தர் அவ்வளவு பெரிய காரியம் செய்ததில்லை.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கூச்சம் இல்லை, பலதடவை எழுதியிருக்கிறேன். எழுதினால் படிக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், அதுதான்.

கட்டின நாள் முதல் என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரிகள் யாரும் சொல்லமாட்டார்கள். சொசைட்டியில், பேங்கில், ஆஸ்பத்திரியில் "வீட்டுக்காரர் பேரென்னங்க?" என்று கேட்டால், மற்றவர்கள் பக்கத்தில் நிற்கிறவளை இடித்து "நீ சொல்லு புள்ள" என்பார்கள். நான் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்துவிடுவேன். அஞ்சாவது வரைக்கும் படித்ததில் எனக்கு ஆன லாபம் அது ஒன்றுதான் என்று அவரே கிண்டல் செய்வார்.

அப்படியிருக்க, அந்தப் பேரை வைத்த பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன்? சாமி என்றேன். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையையும் அப்படித்தானே சொல்கிறோம். மருமகள் காலேஜ் வரைக்கும் படித்தவள், தன் புருஷன் பேரைப் போனில் சத்தமாகச் சொல்லுவாள். ஆனால் இது பெரிய மாமனார் பேர். அதுவும் நான் எதிரில் இருக்கிறேன். அவளும் சாமி என்றாள், கண்ணு என்றாள். அவன் அப்பனுக்கோ தன்னை வளர்த்தவர் பேர். காதில் சொன்னதோடு சரி. வடக்கே இருந்து போன் பண்ணினால் "சாமி சாப்டீங்களா?" என்பான். தெருவில் உள்ளவர்கள் பேரைத் தெரிந்துகொண்டே விளையாட்டாக, "அட பெரியவரு வாராருடோய், எந்திரிங்க எல்லாரும்" என்று கேலி பேசுவார்கள். பிள்ளையும் டவுசர் இல்லாமல் பெரியவர் மாதிரியே நடந்து வரும்.

யாராவது புதிதாக வந்து "குட்டிக்கு என்ன பேரு?" என்று கேட்டால், "அவங்க தாத்தா பேருங்க" என்போம். கேட்டவர்களுக்கும் அது போதும். உறவுக்காரர்களுக்குத் தாத்தா யார் என்று தெரியும்.

பால்வாடிக்கு அனுப்ப வேண்டிய வயசில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அதனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. எதுவும் இல்லாமல், எங்கள் ரெண்டு பேர் கண் எதிரிலேயே வளர்ந்தான். நேராக ஒண்ணாம் வகுப்பு.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் பயிற்சிதான். மருமகள் ஷூவை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவாள். லேஸைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். டிபன் பாக்ஸ் மூடி இறுக்கமாக இருந்தது என்று ராசிபுரத்துக்குத் திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தோம். பென்சில் சீவிச் சீவி அரை டப்பா பென்சில் தீர்ந்தது. ஒண்ணுக்கு வந்தால் எந்திரிச்சு நின்று "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று சொல்ல வேண்டும் என்றாள். அவன் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் போவான். "போயிட்டு வாங்க சாமி" என்று நான் உத்தரவு கொடுக்க வேண்டும். அப்பா பேர், ஊர் பேர், போன் நம்பர் எல்லாம் தண்ணி பட்ட பாடு.

சாமான்களுக்கெல்லாம் பேர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மருமகள் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். "நீங்க எழுதுங்கத்தை, உங்க எழுத்து முத்து முத்தா இருக்குது" என்றாள். நோட்டு அட்டைகளில், பாட்டிலில், டிபன் பாக்ஸில், பென்சில் டப்பாவில் என்று சீட்டு எழுதி எழுதி ஒட்டினேன். அவர் பேரை அவ்வளவு தடவை நான் எழுதினதே இல்லை. நல்ல சந்தோஷமாக இருந்தது. இனிமேல் இந்தப் பேரைத் தினம் யாராவது கூப்பிடுவார்கள், பையன் பெரியவனாகி எங்கேயோ ஆபீஸில் உட்கார்ந்தாலும் இந்தப் பேர் பலகையில் இருக்கும் என்றெல்லாம் யோசனை ஓடியது.

பள்ளிக்கூடம் திறந்து வேனில் ஏறிப் போனான். அழவில்லை. சாயங்காலம் வந்தால் டிபன் காலியாக இருந்தது, லேஸ் அவிழவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் பரீட்சை பாஸான மாதிரி சிரித்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் மிஸ் போன் பண்ணினாள். பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதைக் காட்டிவிடுங்கள் என்றாள். அடுத்த நாளே சேலத்துக்குப் பஸ் ஏறினோம். மல்லூர் தாண்டும் வரைக்கும் மருமகள் அவன் காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சொடுக்குக்கும் அவன் திரும்பி, "என்னம்மா? என்னம்மா?" என்றான். பின் சீட்டில் இருந்தவர், "ஏம்மா, பையனக் கொஞ்சம் சும்மா உடுங்க" என்று கடிந்துகொண்டார்.

காது டாக்டர் என்னவோ மெஷினை மாட்டிப் பார்த்தார். "எறும்பு நடந்தாக்கூட இவனுக்குக் கேட்குமுங்க. கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு நிம்மதி. மருமகளுக்கு இல்லை. "காதுல ஒண்ணுமில்லீன்னா அப்ப வேற என்னமோ இருக்குதுன்னு சொல்லப்போறாங்க அத்தை" என்றாள். படித்தவள், சரியாகத்தான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களை வரச் சொன்னார்கள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். அந்த மாதிரி இடங்களில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மருமகள் தனியாகப் போகப் பயந்ததால் கூடப் போனேன். வகுப்பு விட்ட பிறகு, சின்னச் சின்ன பெஞ்சு போட்ட அறையில் மிஸ் உட்கார்ந்திருந்தாள். நாங்களும் அந்தக் குட்டி பெஞ்சிலேயே முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். பையன் அறைக் கோடியில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வேலையெல்லாம் சுத்தமாச் செய்யறானுங்க. லேஸ் கட்டத் தெரிஞ்ச ஒரே பையன் இவன்தான். அத நான் ஒத்துக்கறேன்" என்று ஆரம்பித்தாள். "ஆனா அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப பேரச் சொன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறான். பக்கத்துல இருக்கற புள்ளதான் 'அவன் வந்திருக்கான் மிஸ்'னு சொல்லுது. போர்டுக்கு வாடான்னு கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடற மாதிரி பராக்குப் பாக்கறான். சரி, உன் பேரச் சொல்லுன்னு கேட்டா என்ன சொல்றான் தெரியுங்களா? 'தாத்தா பேருங்க, மிஸ்'ங்கறான். கிளாஸே சிரிக்குது. இப்ப எல்லாப் பசங்களும் இவனத் தாத்தா தாத்தான்னுதான் கூப்பிடறாங்க. அதுக்கு நல்லாத் திரும்பறான்."

மருமகள் முகம் செத்துப்போயிற்று. மிஸ் எங்களுக்குக் காட்டுவதற்காகக் கோடியைப் பார்த்து அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

பையன் திரும்பவில்லை. நான்தான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அவர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி நின்றேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மிஸ் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங் பாட்டி, நான் பையனக் கூப்பிட்டா நீங்க ஏன் எந்திரிக்கறீங்க?"

மருமகள்தான் மெதுவாக, "அது அவிய வீட்டுக்காரர் பேருங் மிஸ்" என்றாள்.

"சரி. வீட்டுல இவன என்னன்னு கூப்பிடுவீங்க?"

"சாமிங்க."

"நீங்க?" என்று மருமகளைக் கேட்டாள்.

"நானுந்தானுங்க."

"அவங்கப்பா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். மிஸ் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். கோபமில்லை, அவளுக்கே தாங்கவில்லை. "அட கடவுளே. கொழந்தைக்கு அதன் பேர யாருமே சொல்லலீங்களா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டு இருக்கறேன்" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மேலே இருக்கிறவர்கள் பையனைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்.கே.ஜி. படிக்காத பையன், பேருக்குத் திரும்பத் தெரியவில்லை, யு.கே.ஜி.யில் போட்டுவிடலாம் என்று பேச்சு. "எனக்கு உடறதுக்கு மனசில்ல. காலாண்டுப் பரீட்சைக்குள்ள இவன் பேரச் சொன்னா திரும்பணும், எந்திரிச்சு நின்னு பேரச் சொல்லணும். நாங்க இங்க நாலு தடவ சொல்றது பத்தாதுங்க. வீட்டுல நீங்க கூப்பிட்டாத்தான் அது அவம் பேராகும். இப்பவே கூப்பிடுங்க பாக்கலாம் பாட்டி, நீங்கதான் பெரியவிய."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் நோட்டை மூடினாள். "சரி, வீட்டுல போயிச் செய்யுங்க" என்று விட்டுவிட்டாள்.

வேனில் வருகிறவனை அன்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தோம். என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியாயா, எம் பேரு என்ன?" என்று கேட்டான்.

"சாமி."

"மிஸ்ஸு வேற சொல்றாங்க."

"அதுவுந்தான் கண்ணு."

"அது என்னன்னு நீ சொல்லு."

பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, நான் ஒட்டின சீட்டைக் காட்டினேன். "இதா, இதுதான் உம் பேரு." அவன் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் இன்னும் படிக்கத் தெரியாதே பெரியாயா" என்றான். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பிள்ளைக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டாள் என்று எனக்கு அடுத்த நாள் தெரிந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். பையன் எங்கேயோ சேற்றில் விழுந்து புரண்டுவிட்டு வந்தான். அவள் வாசலில் நின்று, "டேய்" என்று சொல்லி, அந்தப் பேரையும் சேர்த்து, "இங்க வாடா! மூக்கத் தொடச்சுட்டு வா, நாய் மாதிரி பெரண்டுட்டு வந்திருக்கற!" என்று கத்தினாள்.

அவள் செய்தது சரி. பிள்ளையை எல்லாத் தாயும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். பேர் என்றால் அப்படித்தான் ஒட்டும், திட்டும்போதும் சோறு போடும்போதும் சேர்ந்து ஒட்டினால்தான். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரரை ஒருத்தி டேய் போட்டு, நாய் என்று சொன்ன மாதிரித்தான் காதில் விழுந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன பார்த்தாளோ, அடுப்பைச் சின்னதாக வைக்கிற மாதிரி பக்கத்தில் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கத்தை" என்றாள்.

"சொல்லு கண்ணு, பரவால்ல. தெனமும் சொல்லு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் குழம்பைக் கிளறினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேரை வீட்டில் எடுக்கவே இல்லை.

நான் முயற்சி செய்யாமலும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்லிப் பார்ப்பேன். முதல் எழுத்துக்கு உதடு சேரும். அதோடு சரி. எருமை திரும்பி என்னைப் பார்க்கும். எனக்கே வெட்கமாகிவிடும். ஒரு சொல்லைச் சொல்லாமலேயே ஒரு ஆயுசைக் கழித்துவிட்டால், அப்புறம் அது சொல்லாக இருப்பதில்லை. சொன்னால் அவரே கேட்டுக்கொண்டு நிற்பார் என்று இருந்தது. செத்தவரிடம் என்ன வெட்கம் என்றும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஆடி மாதம் வண்டி திரும்பியது. அவன் அப்பன் கறுத்து, இளைத்து, வடக்கத்தி மண்ணோடு வந்து இறங்கினான். மருமகள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. ஒரு நாள் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, பையன் பேர மாத்திரலாமுங்களா? எங்கூட வண்டியில இருக்கற பையன் ஒருத்தன் மாத்துனான். வக்கீலப் பாத்து எழுதி, கெஜட்டுல போட்டாச் சரி. பள்ளிக்கூடத்துலயும் கேட்டேன். காகிதம் வர்றதுக்கு முன்னாலயே புதுப் பேரச் சொல்லிக் கூப்பிடறோம்னாங்க."

நான் அவன் பல் விளக்கிவிட்டுப் போட்ட துண்டை எடுத்து மடித்தேன்.

"எனக்கு ஆசையா பெரியம்மா? நான் வெச்ச பேருதானுங்களே அது. அவரில்லீன்னா நான் இல்ல." இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். "ஒண்ணு பண்ணலாமுங்க. இப்ப அவன் வெளிய இருக்கறான். நீங்க ஒரே ஒரு தடவ அவனப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுருங்க. நீங்க சொல்லீட்டா அவ சொல்லுவா, நானும் சொல்லுவேன். உங்களப் பாத்துட்டுத்தான் எல்லாரும் நிக்கறோம். கூப்பிட்டுருங்க, நான் வக்கீல் பக்கமே போகல."

அதைவிடத் தன்மையாக ஒருத்தர் கேட்க முடியாது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். மருமகள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டாள். பையன் தண்ணித் தொட்டி ஓரத்தில் குந்தி, ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தான். முதுகை எனக்குக் காட்டியிருந்தான். காலையிலேயே லேஸை அழகாகக் கட்டிக்கொண்டு ஷூவோடு உட்கார்ந்திருந்தான். லீவு நாளில்கூட அந்த ஷூவை விடமாட்டான்.

கூப்பிட்டுவிடலாம் என்றுதான் நின்றேன். மனசுக்குள் பேர் முழுசாக இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்தாலும் "சொல்லு, என்ன இப்ப" என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் பெரிசில்லை. வாயைத் திறந்தேன்.

"சாமி" என்று வந்தது.

பையன் உடனே திரும்பி, "என்ன பெரியாயா?" என்று ஓடி வந்தான். ஈரக் கையோடு என் சேலையைப் பிடித்தான். பின்னால் அவன் அப்பன் எழுந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது. துணி துவைக்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

புதுப் பேர் சின்னப் பேர், கூப்பிட்டால் டக்கென்று முடிந்துவிடும். ஜாதகக்காரர் கொடுத்த எழுத்தில் மருமகள் தேடிப் பிடித்தாள். வீட்டில் அவள் அதையே புழங்கினாள். அந்தப் பேரைச் சொல்லி எழுப்பினாள், அந்தப் பேரைச் சொல்லித் திட்டினாள், அந்தப் பேரைச் சொல்லிக் கொஞ்சினாள். காலாண்டுக்கு முன்னாலேயே வகுப்பில் எந்திரிச்சு நின்று பேரைச் சொன்னான் என்று மிஸ் போனில் சொன்னாள். யு.கே.ஜி. பேச்சு நின்றுவிட்டது. தாத்தா என்று கூப்பிடுவதையும் பசங்கள் விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு எல்லாம் நல்லதாகத்தான் முடிந்தது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

என்னிடம் மட்டும் எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தார்கள். நான் இருக்கும்போது புதுப் பேரை மெதுவாகச் சொல்வார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்கள் போல. ஒரு நாள் சாயங்காலம் வேன் வந்து நின்றது. பையன் இறங்கி, ரோட்டைக் கவனிக்காமல் வீட்டைப் பார்த்து ஓடி வந்தான். எதிரில் ஒரு டிராக்டர். மருமகள் வீட்டுக்குள் இருந்தாள். நான்தான் வாசலில் இருந்தேன். அந்தப் புதுப் பேரைச் சொல்லி, தெருவே கேட்கிற மாதிரி, "நில்லுடா!" என்று கத்தினேன். அவன் அப்படியே நின்றான். டிராக்டர் போயிற்று.

உள்ளேயிருந்து ஓடி வந்த மருமகள் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்களுங்களா அத்தை கூப்பிட்டது?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் தலையை ஆட்டினேன்.

யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அவ்வளவு சத்தமாக என் வாயிலிருந்து ஒரு ஆண்பிள்ளை பேர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. இப்போது தினமும்தான் கூப்பிடுகிறேன், ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. இவ்வளவு சுலபமாக எனக்கு வரும் என்று தெரிந்ததுதான் இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.